பழைய ஜீப் ஸ்டார்ட் ஆகாவிட்டால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

உன்னிச்சைப் பக்கத்து வட்டை (வயல்வெளி) ஒன்றில் மாலை ஐந்தரை மணி. விதைப்புக்கு வயல் ஒதுக்கும் நாட்கள். வாடியிலிருந்து (வயல் குடிசையிலிருந்து) வீட்டுக்குப் புறப்பட பஜெரோவின் சாவியைத் திருப்புகிறேன்: ‘டக்’. மறுபடி திருப்புகிறேன்: ‘டக்’. டாஷ்போர்ட் விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன, ஹோர்ன் நன்றாக அடிக்கிறது, என்ஜின் மட்டும் அசையவில்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் இருட்டிய பிறகு வயலில் நிற்பது விளையாட்டில்லை, யானை இறங்கும் இடம். அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்புதான் ஒரு கராஜில் புதுப் பற்றரி போட்டிருந்தேன். கோளாறு தீரவில்லை என்று ஸ்டார்ட்டர் மோட்டரையும் மாற்றினார்கள். காசு போனது, கோளாறு போகவில்லை.

பக்கத்து வயலில் உழவு மெசின் ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இறங்கி வந்தார். தன்னிடமிருந்த ஜம்பர் வயரின் ஒரு நுனியை என் பற்றரியின் மைனஸில் கடிக்க விட்டு, மற்ற நுனியை என்ஜினைத் தூக்குவதற்கென்று இருக்கும் இரும்புக் கொக்கியில் பிடித்தார். “இப்ப அடியுங்க மருமகன்” என்றார். முதல் திருப்பிலேயே என்ஜின் எடுத்தது. “எப்படி மாமா?” என்று கேட்டேன். “பற்றரியிலயும் பிழை இல்ல, மோட்டரிலயும் பிழை இல்ல. கரண்டு போகுது, திரும்பி வாற வழிதான் இல்ல” என்றார்.

அடுத்த நாள் பார்த்தால், என்ஜினிலிருந்து சேசிக்கு வரும் ஏர்த் வயர், அதாவது கரண்ட் பற்றரிக்குத் திரும்பும் வயர், வெளியே நல்ல வயர் மாதிரித்தான் இருந்தது. நுனியில் ரப்பரைக் கீறிப் பார்த்தேன். உள்ளே செம்புக் கம்பிகள் பச்சைத் தூளாகி, நாலைந்து இழை மட்டும் மிச்சமிருந்தன. புது வயர் ஒன்று செய்து போட, பற்றரிக்குக் கொடுத்த காசில் சிறு பகுதிகூடச் செலவாகவில்லை.

இந்தக் கட்டுரையை அதற்காகத்தான் எழுதுகிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருபது, முப்பது வருடம் ஓடிய பஜெரோ, எல் 200, ஹைலக்ஸ், லாண்ட் குரூசர், டிபெண்டர் வாகனங்கள் இன்னும் வயலுக்கும் வாவிக்கரைக்கும் ஓடுகின்றன. முதன்முதலாக இப்படி ஒன்றை வாங்கியவர்கள் ஸ்டார்ட் ஆகாத முதல் நாளிலேயே பயந்து, கண்ட பொருளையெல்லாம் மாற்றத் தொடங்குகிறார்கள். பொருள் மாற்றுவதற்கு முன் வோல்ட் அளந்து பாருங்கள். அளப்பதற்கு அரை மணி நேரம் போதும்.

கையில் இருக்க வேண்டியவை

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. 12 வோல்ட் பல்பில் இரண்டு வயர் பிடித்த டெஸ்ட் லாம்ப் ஒன்று. 10, 12, 13 இலக்க ஸ்பானர்கள், கம்பி பிரஷ், மண்தாள், தடித்த ஜம்பர் வயர் ஒரு சோடி. வீட்டிலிருந்து அப்பச்சோடாவும் வாஸ்லினும் எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய ஜம்பர் வயரை மலிவு என்று வாங்க வேண்டாம். டீசல் என்ஜினைச் சுற்ற 200 ஆம்பியருக்கும் மேல் ஓடும். மெல்லிய வயர் சூடாகுமே தவிர என்ஜினைச் சுற்ற விடாது.

தொடங்குமுன் கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். சில்லுக்குக் கல் வையுங்கள். கையில் மோதிரம், கைக்கடிகாரம் இருந்தால் கழற்றுங்கள். பற்றரியின் பிளஸுக்கும் பொடிக்கும் (வாகனத்தின் இரும்பு உடம்புக்கும்) நடுவில் மோதிரம் பட்டால் விரல் வெந்துவிடும். பற்றரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், ஆகவே பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

இன்னொன்றை முதலிலேயே பார்க்க வேண்டும்: உங்கள் வாகனம் 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா? ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த பழைய லாண்ட் குரூசர் டீசல்கள் பல 24 வோல்ட்டில் ஸ்டார்ட் ஆகுபவை. பொனட்டுக்குள் இரண்டு பற்றரி இருந்தால் அவற்றை இணைக்கும் வயரைப் பாருங்கள். ஒன்றின் பிளஸ் மற்றதன் மைனஸுக்குப் போனால் 24 வோல்ட். பிளஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று போனால் 12 வோல்ட். சில மொடல்களில் ஸ்டார்ட் பண்ணும் நொடியில் மட்டும் இரண்டையும் தொடராக்கி 24 ஆக மாற்றும் சுவிட்ச் ஒன்று தனியாக இருக்கும். இது தெரியாமல் அடுத்தவர் வாகனத்திலிருந்து ஜம்பர் வயர் பிடிக்க வேண்டாம்.

முதலில் காதால் பாருங்கள்

ஒருவர் சாவியைத் திருப்பட்டும், நீங்கள் பொனட் பக்கம் நின்று கேளுங்கள். ஹெட்லைட்டையும் போட்டு வையுங்கள். சத்தமும் வெளிச்சமும் சேர்ந்து பாதி வேலையை முடித்துவிடும்.

‘டக டக டக டக’ என்று வேகமாக அடித்து, லைட்டும் கூடவே துடித்தால் பற்றரியில் சக்தி இல்லை அல்லது டெர்மினல் (பற்றரியில் வயர் பூட்டும் இடம்) இளகியிருக்கிறது.

ஒரே ஒரு ‘டக்’. லைட் கொஞ்சமும் மங்கவில்லை. அப்படியென்றால் பற்றரியிலிருந்து பெரிய கரண்ட் எங்கும் போகவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்சான சொலினொயிட் இழுத்திருக்கிறது, அதற்குப் பிறகு வழி அடைபட்டிருக்கிறது. சொலினொயிட்டின் செம்புத் தட்டு, மோட்டரின் கார்பன் (சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கட்டை), ஏர்த் வயர் என்ற மூன்றில் ஒன்று.

ஒரே ‘டக்’, லைட் அடியோடு அணைகிறது: பற்றரி இறங்கியிருக்கலாம், டெர்மினலில் தூள் பிடித்திருக்கலாம், என்ஜினே இறுகியிருக்கவும் கூடும். வெள்ளத்துக்குள் ஓடிய வாகனமாக இருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு, கீழே வெள்ளத்தைப் பற்றி எழுதியிருப்பதை முதலில் படியுங்கள்.

சத்தமே இல்லை, ஆனால் லைட் நன்றாக எரிகிறது: சாவியிலிருந்து சொலினொயிட்டுக்குப் போகும் மெல்லிய வயர்ப் பாதையில் கோளாறு. லைட்டும் இல்லை, ஹோர்னும் இல்லை, முழு வாகனமும் செத்துக் கிடக்கிறது என்றால் டெர்மினல், அல்லது பிளஸ் பக்கத்தில் இருக்கும் பியூசிபிள் லிங்க் எனப்படும் பெரிய பியூஸ்.

‘விர்’ என்று மோட்டர் மட்டும் சுற்றுகிறது, என்ஜின் சுற்றவில்லை: மோட்டரின் பற்சில்லு பிளைவீலில் கடிக்கவில்லை. இது மீட்டரால் பிடிக்கும் கோளாறில்லை, மோட்டரைக் கழற்ற வேண்டும்.

என்ஜின் நல்ல வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. இங்கே ஸ்டார்ட்டரை மறந்துவிடுங்கள். டீசல் வருகிறதா என்பதுதான் கேள்வி. அதற்குக் கீழே வருகிறேன்.

பற்றரி

இரவு முழுக்க நின்ற வாகனத்தில், காலையில் எதையும் போடுமுன் பற்றரியின் இரண்டு தூண்களிலும் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12.0க்குக் கீழே போயிருந்தால் முதலில் சார்ஜ் போட வேண்டும், அதற்கு முன் செய்யும் எந்தச் சோதனையும் பிழையான பதிலைத்தான் தரும்.

ஆனால் 12.6 காட்டிவிட்டது என்பதற்காகப் பற்றரி நல்லது என்று முடிவு கட்டவும் கூடாது. மீட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு, ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். அடிக்கும் நேரம் 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்லது. 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றரி தளர்ந்துவிட்டது, அல்லது மோட்டர் அளவுக்கு மீறி இழுக்கிறது. மூடி திறக்கும் பற்றரியாக இருந்தால் அசிட்டின் அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் கொண்டு ஆறு அறையையும் பார்க்கலாம். நிறைந்த அறையில் 1.26, 1.27 காட்டும். ஐந்து அறை நன்றாக இருந்து ஒன்று மட்டும் மிகக் கீழே இருந்தால் அந்த அறை செத்துவிட்டது, எவ்வளவு சார்ஜ் போட்டாலும் எழும்பாது.

தண்ணீர் குறைந்திருந்தால் பற்றரிக்கென்று விற்கும் வடித்த தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். நம் கரையோரக் கிணறுகளில் உவர் இருக்கிறது; அதை ஊற்றினால் தகடு கெட்டுவிடும். அசிட் ஊற்றி உயிர் கொடுப்பதாகச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம்.

என்ஜின் ஓடும்போது அதே தூண்களில் 13.8க்கும் 14.4க்கும் இடையில் காட்ட வேண்டும். அதற்குக் கீழே நின்றால் ஆல்டனேட்டர், அதாவது பழைய ஆட்கள் டைனமோ என்று சொல்வது, சரியாகச் சார்ஜ் பண்ணவில்லை. சிலர் ஓடும் என்ஜினில் பற்றரி வயரைக் கழற்றி, நிற்கிறதா பார் என்று ஆல்டனேட்டரைச் சோதிப்பார்கள். உங்கள் வாகனத்தில் அதைச் செய்ய விடாதீர்கள். அந்த நொடியில் வோல்ட் எகிறி டயோடையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடும். இன்னொன்று: 4டி56 என்ஜின் உள்ள பஜெரோ, 2எல் என்ஜின் உள்ள ஹைலக்ஸ் போன்ற டீசல்களில் பிரேக்குக்கு உதவும் வக்கியூம் பம்ப் ஆல்டனேட்டரின் பின்னாலேயே இருக்கிறது. அதைக் கழற்றிப் பூட்டிய பிறகு பிரேக்கைச் சோதிக்காமல் வீதிக்கு ஏற வேண்டாம். அந்தப் பம்பிலிருந்து ஒயில் கசிந்து கார்பனில் பட்டாலும் சார்ஜ் குறையும்.

டெர்மினலும் ஏர்த்தும்

எங்கள் பக்கம் நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கல்லடியிலோ பாசிக்குடாவிலோ திருக்கோவிலிலோ வாகனத்தை வெளியே நிறுத்தினால் இரவில் படியும் ஈரத்தில் உப்பு இருக்கும். செம்பைப் பச்சையாகவும் இரும்பைத் துருவாகவும் மாற்ற அது போதும்.

லைட் நன்றாக எரியும்போது ஸ்டார்ட்டர் மட்டும் ஏன் சுற்றுவதில்லை என்று புதியவர்கள் எப்போதும் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஏர்த் வயரின் நுனியில் துரு பிடித்து 0.01 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பது ஏறக்குறைய 10 ஆம்பியர். அந்தத் தடையில் இழப்பது 0.1 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. ஸ்டார்ட்டர் இழுப்பது 200 ஆம்பியர் என்றால் அதே தடையில் 2 வோல்ட் போய்விடுகிறது. பற்றரி 10.5 கொடுத்தாலும் மோட்டருக்குக் கிடைப்பது 8.5. லைட் எரிவதை வைத்துப் பற்றரி, வயர் எல்லாம் சரி என்று முடிவு கட்டக் கூடாது என்பது இதனால்தான்.

சோதனை இப்படி. மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையைப் பற்றரியின் மைனஸ் தூணில், கிளம்பில் அல்ல, ஈயத் தூணிலேயே அழுத்துங்கள். மற்ற முனையை என்ஜினின் உடம்பில் பெயின்ட் இல்லாத சுத்தமான இடத்தில் வையுங்கள். இப்போது ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் நின்றால் ஏர்த் பாதை சரி. 0.5 தாண்டினால் அந்தப் பாதையில் எங்கோ அடைப்பு. அதே மாதிரி பிளஸ் தூணிலிருந்து ஸ்டார்ட்டரின் தடித்த வயர் நட்டுக்கு அளந்தால் 0.5க்குள் இருக்க வேண்டும். இந்தச் சோதனைகளில் மோட்டர் உண்மையிலேயே சுற்ற வேண்டும், அல்லது சுற்ற முயன்று கரண்ட் இழுக்க வேண்டும். கரண்ட் ஓடாத வயரில் இழப்பு தெரியாது.

அளவு கூடுதலாக வந்தால் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்: தூண், கிளம்ப், வயர் நுனி, சேசியில் பூட்டிய போல்ட், என்ஜினில் பூட்டிய போல்ட். எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் எண் திடீரென்று ஏறுகிறதோ அங்கேதான் கோளாறு. மீட்டர் இல்லாத நேரத்தில் அந்த மாமா செய்ததைச் செய்யலாம்: மைனஸிலிருந்து என்ஜினுக்கு நேராக ஒரு ஜம்பர் வயர். எடுத்தால் ஏர்த் பிழை. வாகனத்தில் இரண்டு ஏர்த் இருக்கும், பற்றரியிலிருந்து பொடிக்கு ஒன்று, பொடியிலிருந்தோ பற்றரியிலிருந்தோ என்ஜினுக்கு ஒன்று. என்ஜின் ஏர்த் அறுந்த வாகனத்தில் ஸ்டார்ட்டரின் கரண்ட் அக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். ஸ்டார்ட் அடித்த பிறகு அக்சிலேட்டர் கேபிள் சுட்டால் வேறு சாட்சி தேவையில்லை.

சுத்தம் செய்யும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள், பூட்டும்போது மைனஸைக் கடைசியில் பூட்டுங்கள். ஒரு கோப்பை தண்ணீரில் ஒரு கரண்டி அப்பச்சோடா கலந்து டெர்மினலில் ஊற்றினால் வெள்ளைத் தூள் நுரைத்துக்கொண்டு கரையும். பற்றரியின் மூடிக்குள் ஒரு துளியும் போகக் கூடாது. நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, ஈயமும் செம்பும் மினுங்கும்வரை மண்தாள் போடுங்கள். இறுக்கிப் பூட்டிய பிறகு மேலே வாஸ்லின். பூட்டுமுன் பூச வேண்டாம். சேசியில் ஏர்த் பூட்டும் இடத்திலும் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பைக் காட்டிவிட்டுத்தான் பூட்ட வேண்டும். கிளம்பைக் கையால் திருகிப் பாருங்கள். கையால் அசைந்தால் அது இறுகவில்லை.

ஸ்டார்ட்டர் மோட்டரும் சொலினொயிட்டும்

பழைய டொயோட்டா வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: சாவியைப் பத்துத் தரம் திருப்பினால் ஒன்பது தரம் ‘டக்’, பத்தாவது தரம் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். நாட்கள் போகப் போகப் பத்து இருபதாகும். இது பெரும்பாலும் சொலினொயிட்டுக்குள் இருக்கும் செம்புத் தட்டுகள் தேய்ந்ததால் வருவது.

ஒரு முறை கல்முனையில் வயரிங் வேலை செய்யும் காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர் என் முன்னாலேயே ஒரு ஹைலக்ஸின் மோட்டரைத் திறந்து காட்டினார். மூன்று சிறிய திருகாணி, ஒரு மூடி. உள்ளே எதிரெதிரே எல் வடிவில் இரண்டு செம்புத் துண்டு. நடுவில் மேலும் கீழும் போய்வரும் உலக்கை, அதன் தலையில் ஒரு செம்பு வட்டம். சாவியைத் திருப்பினால் உலக்கை உள்ளே போய் வட்டம் இரண்டு துண்டிலும் அமர்கிறது, மோட்டருக்குக் கரண்ட் போகிறது. பற்றரிப் பக்கத்துத் துண்டில் பாதி கரைந்து, விளிம்பு கறுத்துக் குழி விழுந்திருந்தது. மற்றது ஏறக்குறைய புதிது. வட்டம் ஒன்றில் தொட்டு மற்றதை எட்டாமல் நிற்கிறது. “மோட்டர் நல்ல சாமான் தம்பி, இந்தச் செம்பு ரெண்டையும் மாத்தினாப் போதும்” என்றார். முழு மோட்டருக்கு விலை கேட்டு வைத்திருந்த அந்த ஹைலக்ஸ்காரர் செம்புத் துண்டுகளை மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். உங்களிடம் யாராவது மோட்டர் மாற்ற வேண்டும் என்றால், முதலில் மூடியைக் கழற்றி உள்ளே காட்டச் சொல்லிக் கேளுங்கள். கழற்றும்போது பற்றரி மைனஸ் கழன்றிருக்க வேண்டும், ஏனென்றால் ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த வயரில் எந்நேரமும் கரண்ட் நிற்கும்.

மோட்டரின் உடம்பில் சில்லு ஸ்பானரால் மெதுவாகத் தட்டிக்கொண்டு சாவியைத் திருப்ப ஸ்டார்ட் ஆனால் கார்பன் தேய்ந்துவிட்டது. தட்டுவது வீடு போய்ச் சேர மட்டும். பலமாக அடித்தால் உள்ளே இருக்கும் காந்தம் உடையும் வகை மோட்டர்களும் உண்டு. வயல் சேற்றுக்குள் இறங்கும் வாகனங்களில் மோட்டர் தாழ்வான இடத்தில் இருப்பதால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போய்த் தேய்மானம் சீக்கிரம் வரும். விதைப்பு, வெட்டு முடிந்ததும் ஒரு முறை திறந்து துடைத்துக் காய வைப்பது நல்லது.

சாவியிலிருந்து வரும் மெல்லிய வயர்

சத்தமே இல்லாவிட்டால் சொலினொயிட்டில் தனியாகச் செருகியிருக்கும் மெல்லிய வயரைத் தேடுங்கள். அதைக் கழற்றி டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை அதில் கொடுத்து, மறு முனையை என்ஜினில் வைத்து, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். பல்ப் எரியவில்லை என்றால் கரண்ட் அங்கே வந்து சேரவில்லை. ஓட்டோமெட்டிக் என்றால் கியரை பார்க்கிலிருந்து (P) நியூட்ரலுக்கு (N) மாற்றி அடித்துப் பாருங்கள். கியர் சுவிட்ச் தேய்ந்தால் ஒன்றில் எடுக்கும், மற்றதில் எடுக்காது. சில மெனுவல் வாகனங்களில் கிளட்ச்சை முழுதாக மிதித்தால்தான் எடுக்கும்; பெடலடியில் உள்ள சின்ன சுவிட்சைப் பாருங்கள். அப்புறம் ஸ்டார்ட்டர் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறக்கும் சுவிட்ச்), பியூஸ். முன்பு வைத்திருந்தவர் பூட்டிய திருட்டு அலாரம் இருந்தால் அதன் வயர் இந்தப் பாதையை வெட்டிப் போயிருக்கலாம், ஆகவே அதையும் சந்தேகப்படுங்கள்.

பல்ப் எரிந்தாலும் திருப்திப்படக் கூடாது. வயரைச் சொலினொயிட்டில் மீண்டும் செருகி, அந்தச் செருகியில் மீட்டரை வைத்து, அடிக்கும் நேரத்து வோல்ட்டைப் பாருங்கள். பற்றரியில் 11 இருக்க இங்கே 7, 8 மட்டும் வந்தால் சாவி சுவிட்சின் உள்ளே கரிந்திருக்கிறது. பழைய வாகனங்களில் இதற்கு நல்ல மருந்து ஒரு ரிலே: சாவியின் வயர் ரிலேயை இயக்கட்டும், ரிலே பற்றரியிலிருந்து பியூஸ் வழியாக நேராகச் சொலினொயிட்டுக்குக் கொடுக்கட்டும். சாவி சுவிட்சின் ஆயுளும் நீளும்.

எலியையும் மறக்க வேண்டாம். நெல் மூட்டை ஏற்றும் வாகனத்துக்குள் எலி வராமல் இருக்காது. வயர் கட்டு பியூஸ் பெட்டிக்குள் நுழையும் இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை

பழைய டீசல் பம்பில் டீசலைத் திறந்து மூடும் சிறிய சொலினொயிட் ஒன்று இருக்கிறது. சாவியை ஓன் வரை திருப்பினாலே அதற்கு வோல்ட் போய் ‘டிக்’ என்று மெல்லிய சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அதன் ஒற்றை வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வயர் நுனி அறுந்து தொங்குவதே பல தடவை காரணம். வோல்ட் வந்தும் டிக் இல்லை என்றால் சொலினொயிட் மாற்ற வேண்டும். டொயோட்டாவின் 1கேஇசட்-டிஇ போன்ற எலக்ட்ரோனிக் பம்ப் உள்ள என்ஜின்களில் நீங்களே வயர் கொடுத்துச் சோதிக்க வேண்டாம்.

ஸ்டார்ட் பண்ணுமுன் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கை எங்கள் வெயிலில் முதல் குற்றவாளி ஆக்கத் தேவையில்லை. மார்கழி விடியலில் மட்டும் நீண்ட நேரம் சுற்றி வெள்ளைப் புகையோடு எடுக்கிறது, பகலில் உடனே எடுக்கிறது என்றால் அப்போது பாருங்கள். பிளக்குகளை மேலே இணைக்கும் பட்டையைக் கழற்றி, டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைப் பற்றரி பிளஸில் வைத்து மற்றதை ஒவ்வொரு பிளக்கிலும் தொட்டுப் பாருங்கள். எரியாத பிளக் செத்தது. பிளக்குக்கு நேராகப் பற்றரி வயரைக் கொடுக்க வேண்டாம். 6 வோல்ட் பிளக் உள்ள பழைய ஜப்பான் என்ஜின்களும் இருக்கின்றன, சில நொடியில் நுனி உருகிவிடும்.

இரவில் இறங்கும் பற்றரி

பகலில் நல்லது, மூன்று நாள் நிறுத்தினால் செத்துவிடுகிறது. எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளை மூடி, மைனஸ் கிளம்பைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் கிளம்புக்கும் தூணுக்கும் நடுவில் வையுங்கள். இந்த நிலையில் சாவியைத் திருப்பினால் மீட்டர் எரிந்துவிடும், கவனம். சில நிமிடம் விட்டுப் பார்த்தால் 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கூடினால் பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த வழியில் தேடுங்கள். பிற்பாடு பூட்டிய ரேடியோ, மேல் லைட், பின் கதவின் பல்ப் என்று கிடைக்கும். எந்தப் பியூஸுக்கும் விழவில்லை என்றால் ஆல்டனேட்டரின் தடித்த வயரைக் கழற்றிப் பாருங்கள். அதன் டயோட் கெட்டு இரவெல்லாம் குடிப்பதும் நடக்கும்.

வெள்ளத்துக்குள் போய் நின்ற வாகனம்

கார்த்திகை, மார்கழியில் வாவி பெருகி படுவான்கரை வீதிகள் மூடும். தண்ணீருக்குள் என்ஜின் திடீரென்று நின்று, பிறகு ஒரு ‘டக்’கோடு அசையாமல் இருந்தால் மறுபடி மறுபடி ஸ்டார்ட் அடிக்காதீர்கள். இது பற்றரிக் கோளாறு மாதிரியே தெரியும், ஆனால் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. பலவந்தமாகச் சுற்றினால், தள்ளி ஸ்டார்ட் பண்ணினால், கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். எயார் பில்டரைத் திறந்து பாருங்கள். ஈரமாக இருந்தால் வாகனத்தை இழுத்துக் கரையேற்றி, குளோ பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். அனுபவம் உள்ளவரை வைத்துச் செய்யுங்கள்.

நடு வழியில்

ஜம்பர் பிடிக்கும் ஒழுங்கு: உங்கள் பிளஸ், அடுத்தவர் பிளஸ், அடுத்தவர் மைனஸ், கடைசி நுனி உங்கள் பற்றரியில் அல்ல, தள்ளி என்ஜினின் இரும்பில். பொறி பறந்தாலும் பற்றரிக்குப் பக்கத்தில் பறக்காது. அடுத்தவர் என்ஜினை ஐந்து நிமிடம் ஓட விட்டு அடியுங்கள். ஒரு தரம் அடித்தால் பத்து நொடிக்கு மேல் வேண்டாம், மோட்டர் ஆற ஒரு நிமிடம் விடுங்கள்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது மெனுவல் கியரில் மட்டும், இரண்டாம் கியரில். பற்றரி அறவே செத்திருந்தால் டீசல் சொலினொயிட் திறக்காது, எத்தனை பேர் தள்ளினாலும் பிடிக்காது. என்ஜின் ஓடாத வாகனத்தில் பிரேக் கல்லாக இருக்கும் என்பதைத் தள்ளுகிறவர்களுக்கும் சொல்லிவிடுங்கள், முக்கியமாகக் குளக்கட்டில்.

இதற்கு மேல் உங்களால் முடியாவிட்டால் வயரிங்காரரிடம் போகும்போது “ஸ்டார்ட் ஆகுதில்ல” என்று மட்டும் சொல்லாமல் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்: காலையில் எத்தனை வோல்ட், அடிக்கும்போது எத்தனை, மைனஸிலிருந்து என்ஜினுக்கு எத்தனை, மெல்லிய வயரில் எத்தனை, என்ன சத்தம், சூட்டிலா குளிரிலா. நான் அப்படிக் கொடுத்த முதல் நாள், அந்தக் காக்கா துண்டைப் படித்துவிட்டு, மோட்டர் பக்கமே போகாமல் சாவி சுவிட்சைக் கழற்றத் தொடங்கினார்.